ஏழிலேயே நின்ற எண்ணிக்கை: தனியாள் உருவாக்கிய ஒரு கணினி விளையாட்டுக்கு நன்றி சொல்லப் போன குழுவின் அனுபவம்

பின்னணி

2023 மே முதல் 2024 இறுதி வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த பதினொரு பேர் நாங்கள். இப்போது மதுரை, கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரு என்று சிதறியிருக்கிறோம். வார இறுதிகளில் கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவது மட்டும் விட்டுப்போகவில்லை. நாங்கள் நன்றி சொல்ல விரும்பியவர் ஐரோப்பிய நாடு ஒன்றில் பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, இரவில் தனியாக விளையாட்டு உருவாக்குபவர். அவர் பெயரையும் விளையாட்டின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். மிகக் குறைவாக விற்ற விளையாட்டு அது; பெயரைச் சொன்னால் ஆளையே கைகாட்டியது போலாகும்.

கைகாட்டி என்ற சொல் இந்த விஷயத்துக்குப் பொருத்தமானதும்கூட. விளையாட்டு நடப்பது ஒற்றை ரயில் பாதையில் உள்ள ஒரு சிறு நிலையத்தின் சிக்னல் கேபினில். எந்த ரயிலை லூப் லைனில் (ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதையில்) நிறுத்துவது, எதற்கு வழி விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். துப்பாக்கி இல்லை, மதிப்பெண் இல்லை. மழை பெய்கிறது, தொலைபேசி மணி அடிக்கிறது, யாரோ ஒருவருடைய ரயில் தாமதமாகிறது. எங்களில் ஒருவருடைய அப்பா மீட்டர் கேஜ் காலத்து ஸ்டேஷன் மாஸ்டர். அந்த நண்பர்தான் விளையாட்டை முதலில் கண்டெடுத்தார். ஒரே இரவில் விளையாடி முடித்துவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார்.

இத்தகைய விளையாட்டுகள் எப்படி விற்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஒரு விளையாட்டை வைக்க உருவாக்குநர் 100 டாலர் கட்ட வேண்டும்; விற்பனை 1000 டாலரைத் தொட்ட பிறகே அது திரும்பக் கிடைக்கும். வழக்கமாக ஒவ்வொரு விற்பனையிலும் 30 விழுக்காடு கடைக்குப் போகிறது. இட்ச் என்ற இன்னொரு கடையில் தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை விற்பவரே முடிவு செய்யலாம். அவர் மாற்றாவிட்டால் 10 விழுக்காடு. வாங்குபவர் விரும்பினால் விலைக்கு மேலும் கொடுக்கலாம். எங்கள் உருவாக்குநர் இரண்டு கடைகளிலும் விற்றார்.

முதலில் கண்டது

2023 ஜூன் மாதத்தில் ஸ்டீமில் அந்த விளையாட்டுக்கு ஏழு மதிப்புரைகளே இருந்தன. ஏழுமே பரிந்துரைப்பவை. ஆனால் பத்து மதிப்புரைகள் சேரும்வரை ஸ்டீம் எந்த மதிப்பீட்டையும் காட்டாது. "நேர்மறை" என்ற சொல்லோ விழுக்காடோ இராது. மதிப்பீடு கணக்கிட இன்னும் மதிப்புரைகள் தேவை என்ற வாசகம் மட்டும் இருக்கும். கடைக்குள் வருகிற புதியவருக்கு அது ஆளில்லாத ஓட்டல் மாதிரி. உள்ளே நல்ல சாப்பாடு இருக்கலாம். ஆனாலும் கால் தயங்கும்.

இதைப் பத்தாக்கிவிட வேண்டும் என்று முடிவெடுத்தோம். அந்த நோக்கத்தில் தவறில்லை. தவறெல்லாம் வழிமுறையில் நடந்தது.

முதல் முடிவு: பரிசுப் பிரதிகள்

பதினொரு பேரில் மூவர் ஏற்கெனவே சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தோம்: ஸ்டேஷன் மாஸ்டர் மகன், கோயம்புத்தூரில் மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கும் தோழி, நான். இரண்டு பேருக்கு இந்த வகை விளையாட்டில் நாட்டமில்லை. மீதி ஆறு பேருக்கு நானும் ஸ்டேஷன் மாஸ்டர் மகனும் ஆளுக்கு மூன்று பிரதிகளைப் பரிசாக வாங்கி அனுப்பினோம். உருவாக்குநருக்குப் பணமும் போகும், மதிப்புரையும் கூடும் என்று கணக்குப் போட்டோம். பரிசு கொடுப்பவருக்கு இயல்பாக வரும் பெருமிதமும் அந்தக் கணக்கில் கலந்திருந்தது.

விளையாடாமல் எழுதக் கூடாது, குறைகளை மறைக்கக் கூடாது, பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுதலாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டோம். மதிப்புரையைத் திரட்டுவதற்கும் திரிப்பதற்கும் இடையில் உள்ள கோடு மெல்லியது. ஆள் சேர்த்துப் புகழ வைப்பது உருவாக்குநருக்கே ஆபத்தாக முடியலாம் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த நாள்களில் நாங்கள் சரியாகச் செய்த ஒரே வேலை இதுதான் என்று பின்னால் நினைத்திருக்கிறேன்.

ஆறு பேரில் ஐந்து பேர் எழுதினார்கள். கடையில் எண்ணிக்கை ஏழிலேயே நின்றது.

ஒரு வாரம் காத்திருந்தோம். கடையின் கோளாறு என்று சந்தேகப்பட்டோம். பிறகு விதிகளைப் படித்தோம். இலவசமாகக் கிடைத்த பிரதியை வைத்து எழுதும் மதிப்புரைகளை ஸ்டீம் 2017 முதல் மொத்த மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை; பரிசாக வந்த பிரதியும் அதில் அடங்கும். உருவாக்குநர் கொடுக்கும் இலவசப் பதிவு எண்களை (அவற்றை இட்டால் விளையாட்டு காசில்லாமல் கிடைக்கும்) வைத்து மதிப்பீட்டை ஏற்றுவதைத் தடுக்க 2016இல் தொடங்கிய கட்டுப்பாட்டின் நீட்சி அது. மதிப்புரைகள் படிக்கக் கிடைக்கும், கணக்கில் ஏறாது. நியாயமான விதி. நாங்கள் முன்கூட்டியே படித்திருக்க வேண்டிய விதியும்கூட.

இதைவிட வெட்கமான ஒன்றும் இருந்தது. சொந்தப் பணத்தில் வாங்கிய மூன்று பேரில் ஒருவரும் அதுவரை மதிப்புரை எழுதியிருக்கவில்லை. ஏழும் மூன்றும் பத்து. எங்கள் கையிலேயே இருந்த மூன்றை விட்டுவிட்டு ஆறு பிரதிகளுக்குப் பணம் செலவழித்திருக்கிறோம்.

ஆறாவது நண்பர் நாற்பது நிமிடம் விளையாடிவிட்டு, தமக்குப் பிடிக்காததால் பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டார். வாங்கிய பதினான்கு நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும். பரிசாக வந்த பிரதியையும் பெற்றவரே திருப்பலாம். பணம் கொடுத்தவருக்குப் போய்ச் சேரும். என் கணக்கில் பணம் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உருவாக்குநரின் கணக்கில் அது பணம் திருப்பிக் கொடுக்கப்பட்ட ஒரு விற்பனையாகப் பதிவாகியிருக்கும். நன்றி என்ற பெயரில் நாங்கள் அனுப்பிய ஆறில் ஒன்று அவருக்குப் போனது அப்படித்தான்.

பத்தாவது மதிப்புரை

ஜூலையில் நாங்கள் மூவரும் எழுதினோம். நானும் ஸ்டேஷன் மாஸ்டர் மகனும் பரிந்துரைத்தோம். தோழி பரிந்துரைக்கவில்லை.

குழுவில் அன்று எழுந்த கோபம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வீடு கட்டிக் கொடுக்கப் போன இடத்தில் செங்கல்லை உருவுகிறாயா என்று ஒருவர் கேட்டார். தோழியின் பதில் குறுகியது. அவர் வீட்டுக் கணினியில் விளையாட்டு சேமிக்கப்படுவதே இல்லை. மூன்று முறை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். இதைச் சொல்லாமல் மற்றவர்களை வாங்கச் சொல்ல அவரால் முடியாது. விளையாட்டு பிடித்திருக்கிறது என்பதையும், சேமிப்புச் சிக்கல் தீர்ந்தால் மாற்றி எழுதுவதாகவும் அந்த மதிப்புரையிலேயே குறித்திருந்தார்.

பத்தில் ஒன்பது பரிந்துரை. மறுநாள் "நேர்மறை" என்ற சொல் கடையில் தோன்றியது. எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் குழுவில் பாதிப் பேர் அவரிடம் இரண்டு வாரம் பேசவில்லை.

அவர் அந்த இரண்டு வாரத்தை வீணாக்கவில்லை. சிக்கலுக்குக் காரணம் தேடினார். அவர் வீட்டுக் கணினியில் விண்டோஸ் பயனர் பெயரை அவருடைய அப்பா தமிழில் வைத்திருந்தார். ஆங்கிலப் பெயரில் இன்னொரு பயனர் கணக்கைத் திறந்து விளையாடிப் பார்த்தார்; சேமிப்பு வேலை செய்தது. தமிழ்ப் பெயருக்குத் திரும்பினார், நின்றது. ஒலிக்குறி சேர்ந்த பிரெஞ்சு எழுத்தோடு ஒரு பெயர் வைத்துப் பார்த்தார், அதிலும் நின்றது. இந்த மூன்றையும் வரிசையாக எழுதி, பதிவுக்கோப்பை இணைத்து, விண்டோஸ் பதிப்பைக் குறிப்பிட்டு, உருவாக்குநருக்கு ஒரே மின்னஞ்சலாக அனுப்பினார். அதில் பாராட்டு ஒரு வரி. கேள்வி ஒன்றுகூட இல்லை.

கேட்காமல் செய்த மொழிபெயர்ப்பு

எங்களில் மற்றவர்களுக்கு இந்த அடக்கம் வரவில்லை. ஆகஸ்டில் விளையாட்டைத் தமிழாக்கி அவருக்குப் பரிசளிப்பது என்று முடிவெடுத்தோம். விளையாட்டின் கோப்புறையில் வசனங்கள் எல்லாம் ஒரு பட்டியலாக, திறந்து படிக்கும்படியே இருந்தன. கிட்டத்தட்ட 1,500 வரிகள். அனுமதி கேட்காமல் எடுத்தோம். திறந்திருந்த வீட்டுக்குள் நுழைந்ததுதான் அது என்று இன்று தோன்றுகிறது, அன்று தோன்றவில்லை.

மொழிபெயர்ப்பு வேலை இன்பமாகவே இருந்தது. சிக்னலுக்குக் கைகாட்டி என்று போடலாமா, சிக்னல் என்றே விடலாமா என்று இரண்டு இரவுகள் வாதம் நடந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் மகன் தீர்த்து வைத்தார்: கம்பத்தில் கை ஏறி இறங்குவது கைகாட்டி, விளக்கு எரிவது சிக்னல். பாயிண்ட் (தடம் மாற்றும் இடம்), லைன் கிளியர் (ரயிலை அனுப்ப அடுத்த நிலையம் தரும் ஒப்புதல்), லூப் லைன் ஆகியவற்றை ரயில்வேயில் யாரும் மொழிபெயர்த்துப் பேசுவதில்லை என்று அவர் உறுதியாக நின்றார். அப்படியே விட்டோம். 640 வரிகள் முடிந்ததும் பெருமையோடு அனுப்பினோம்.

அவர் பண்பாக நன்றி சொல்லி, முயன்று பார்ப்பதாகப் பதில் எழுதினார். பத்து நாள் கழித்து ஒரு படம் வந்தது. விளையாட்டுத் திரையின் ஸ்கிரீன்ஷாட். அதில் தமிழ் சிதைந்து கிடந்தது. "கொடி" என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றது. கு, மு, பு எல்லாம் தம் வளைவுகளோடு ஒட்டாமல் பிரிந்திருந்தன. மூன்று மாலைகள் இதில் செலவழித்ததாகவும், எது சரி எது தவறு என்றே தமக்குப் புலப்படவில்லை என்றும் எழுதியிருந்தார்.

காரணம் இது. ஒருங்குறியில் (எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் பதியும் பொது முறையில்) உயிர்க்குறி எப்போதும் மெய்யெழுத்துக்குப் பிறகே பதிவாகும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவதும், உகரத்தை எழுத்தோடு இணைப்பதும் எழுத்துகளை அடுக்கித் தரும் ஒரு தனி நிரல் பகுதியின் வேலை. நம் கைப்பேசியிலும் உலாவியிலும் அந்தப் பகுதி இருப்பதால் நமக்கு இது தெரிவதே இல்லை. விளையாட்டை உருவாக்க அவர் பயன்படுத்திய மென்பொருள் இயந்திரமான யூனிட்டியில், எழுத்துகளைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ கருவியில் இந்திய மொழிகளுக்கு அது இல்லை. ஆங்கிலம்போல் ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையில் நிறுத்திவிடும். இதெல்லாம் எங்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது. முதலில் பத்து வரிகளை மட்டும் அனுப்பிக் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தால் இரு தரப்புக்கும் ஒரு மாலையில் முடிந்திருக்கும்.

செப்டம்பர்

சிதைந்த தமிழைக் கண்ட பதற்றத்தில், ஒரு வாரத்தில் எங்கள் குழுவிலிருந்து அவருக்குப் பதினொரு மின்னஞ்சல்கள் போயின. நான்கு பேர், நான்கு விதமான யோசனைகள், ஒன்றுக்கொன்று முரண்.

அதே நேரத்தில், 2023 செப்டம்பர் 12 அன்று, யூனிட்டி நிறுவனம் விளையாட்டு நிறுவப்படும் எண்ணிக்கையை வைத்து உருவாக்குநர்களிடம் கட்டணம் வாங்கப் போவதாக அறிவித்தது. உலகம் முழுக்கச் சிறு உருவாக்குநர்கள் கொதித்தார்கள். இலவசத் திட்டத்தில் இருப்பவருக்கு அந்தக் கட்டணம் 200,000 டாலர் வருவாயும் 200,000 நிறுவல்களும் தாண்டிய பிறகே என்று அறிவிப்பிலேயே இருந்தது. எங்கள் உருவாக்குநருக்கு எட்டாத தூரம். ஆனால் பல ஆண்டு உழைப்பு எந்த மண்ணில் நிற்கிறது என்ற அச்சம் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை. பத்து நாளில் நிறுவனம் விதிகளைத் தளர்த்தியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கட்டணத்தையே கைவிட்டது.

அந்த வாரத்தில் எங்களில் ஒருவர் அவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். கோடோ என்ற இன்னொரு இயந்திரத்துக்கு மாறிவிடுங்கள், அது இலவசம், அதன் நான்காம் பதிப்பில் தமிழ் சரியாகத் தெரியும், எங்கள் மொழிபெயர்ப்பும் வீணாகாது என்று. சொன்ன தகவல்கள் எல்லாம் சரி. 2023 மார்ச்சில் வந்த கோடோ நான்கில் எழுத்துகளை அடுக்கும் வசதி உண்மையிலேயே உள்ளது. ஆனால் முடித்து விற்பனைக்கு வந்துவிட்ட ஒரு விளையாட்டை இன்னொரு இயந்திரத்துக்கு மாற்றுவது, கட்டி முடித்துக் குடியேறிய வீட்டின் அஸ்திவாரத்தை மாற்றச் சொல்வதுதான். அதற்குக் காரணமாக நாங்கள் காட்டியது யாரும் கேட்காத 640 வரிகள்.

அதற்குப் பதில் வரவில்லை. ஐந்து வாரம் எதுவும் வரவில்லை.

திருத்திய முடிவுகள்

அக்டோபர் நடுவில் விளையாட்டின் புதுப்பிப்புக் குறிப்பு ஒன்றில், பகல்நேர வேலையின் நெருக்கடியாலும் வந்து குவிந்த மின்னஞ்சல்களாலும் அடுத்த திருத்தம் தள்ளிப்போவதாக அவர் எழுதியிருந்தார். எங்களைக் குறிப்பிடவில்லை. குறிப்பிட வேண்டியதும் இல்லை.

அன்றிரவு பதினொரு பேரும் இணைப்பில் பேசினோம். தோழி ஒரு கேள்வி கேட்டார்: இதுவரை நாம் அவருக்கு அனுப்பியதில், அவர் ஒன்றும் செய்யாமலே பயன்பட்டது எது? யோசித்துப் பார்த்தோம். சொந்தப் பணத்தில் வாங்கி எழுதிய மூன்று மதிப்புரைகள். வேறெதுவும் இல்லை. தோழியின் பிழை அறிக்கைக்குக்கூட உருவாக்குநர் வேலை செய்ய வேண்டும். ஆனால் தேடும் வேலையை அது அவருக்கு மிச்சப்படுத்தியது.

எடுத்த முடிவுகள் சில. அவரோடு இனி ஒருவர் மட்டும் தொடர்பு கொள்வார், அது தோழி. பதில் எதிர்பார்க்கும் எதையும் அனுப்புவதில்லை. மொழிபெயர்ப்பை அவர் மறந்துவிடலாம், எந்த வருத்தமும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்வது. அனுமதியின்றி வசனங்களை எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்பது. பணமாக ஏதேனும் தர விரும்புவோர் இட்ச் கடையில் வாங்கி, விலைக்கு மேல் அங்கேயே சேர்த்துக் கொடுப்பது. தளத்தின் பங்கு குறைவு, தனியாக வங்கி எண் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவும் வேண்டாம். ஐந்து பேர் அப்படிச் செய்தார்கள். இருவருடைய அட்டை முதலில் ஏற்கப்படவில்லை. இந்தியாவில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட்டால்தான் அட்டை வேலை செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போனதே காரணம்.

கடைசி முடிவை யாரும் முன்மொழியவில்லை, அது நடந்தது.

பந்து டோக்கன்

ஸ்டேஷன் மாஸ்டர் மகன் தம் அப்பாவிடம் விளையாட்டைக் காட்டியிருந்தார். எழுபதைத் தாண்டிய பெரியவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார், மவுஸைத் தொடவில்லை. மகன்தான் இயக்கினார். ஒரு கட்டத்தில் விரைவு ரயிலுக்காகச் சரக்கு ரயிலைப் பிடித்து வைக்க மறந்துவிட்டார் மகன். பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து, "லைன் கிளியர் வாங்கிட்டியா?" என்று அதட்டியிருக்கிறார். வீட்டில் அந்தக் குரல் ஓய்வுபெற்ற பிறகு கேட்டதே இல்லையாம்.

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். ஒற்றைப் பாதையில் ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போகலாம். அதற்கு அத்தாட்சியாக ஓட்டுநர் கையில் டோக்கன் இருக்க வேண்டும். அவர்கள் நிலையத்தில் டோக்கன் ஓர் எஃகுப் பந்து. இரண்டு நிலையங்களும் ஒப்புக்கொண்டால்தான் கருவி அதை வெளியே விடும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடும் ரயிலின் ஓட்டுநர் கையில் கோத்துவிட வேண்டும். மழை இரவில் அந்த வளையம் வழுக்கினால் என்ன ஆகும் என்பதை அவர் கையை நீட்டிக் காட்டினார். விளையாட்டில் டோக்கன் வெறும் ஒரு சின்னமாகத் திரை மூலையில் மாறிவிடும்.

மகன் இதை ஒரு கடிதமாக எழுதினார். குழு முடிவுப்படி தோழி வழியாகத்தான் போயிற்று. ஒன்றரைப் பக்கம். அப்பா எந்தக் காட்சியில் நிமிர்ந்தார், எதைப் பார்த்துச் சிரித்தார், பந்து எப்படி வெளியே வரும், வளையம் எப்படிக் கைமாறும் என்பதெல்லாம் இருந்தது. விளையாட்டில் சேர்க்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. கடைசியில், இதற்குப் பதில் எழுத வேண்டாம், படித்தால் போதும் என்றிருந்தது.

பதில் எழுத வேண்டாம் என்ற அந்த வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நன்றிக்கு நன்றி சொல்வதும் வேலைதான். ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற விளையாட்டை 2006 முதல் இலவசமாகக் கொடுத்து வந்த ஆடம்ஸ் சகோதரர்கள் பல ஆண்டுகள் ரசிகர்களின் நன்கொடையில் வாழ்ந்தார்கள். பணம் அனுப்பியவர்களுக்குக் கைம்மாறாக வண்ணக்கட்டியில் வரைந்த படமோ சிறு கதையோ அனுப்பும் வழக்கம் வைத்திருந்தார்கள். அழகான வழக்கம். அது அவர்களே விரும்பித் தேர்ந்தது. எல்லோருக்கும் அந்தத் தெம்பு இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்ளக் கூடாது. அந்தச் சகோதரர்களே 2022 டிசம்பரில் விளையாட்டை ஸ்டீமில் விலைக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தின் மருத்துவச் செலவுக் கவலையும் அந்த முடிவுக்கு ஒரு காரணம்.

தொடர்ந்து நடந்தவை

நவம்பரில் சேமிப்புப் பிழை திருத்தப்பட்டது. சேமிக்கும் வேலையைச் செய்த வெளி நிரல் ஒன்று, கோப்பு இருக்கும் பாதையில் அடிப்படை ஆங்கில எழுத்துகள்தாம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டதே கோளாறு. தமிழுக்கு மட்டுமல்ல, ரஷ்ய, சீனப் பெயர் வைத்திருப்போருக்கும் இது நின்றிருக்க வேண்டும். அவர்கள் சொல்லாமலே விட்டிருக்கிறார்கள். தோழியின் மதிப்புரைக்குக் கீழே உருவாக்குநர் நன்றி தெரிவித்திருந்தார். தோழி இன்னும் எட்டு மணி நேரம் விளையாடிப் பார்த்துவிட்டே பரிந்துரையாக மாற்றினார். குழுவில் அவரோடு பேசாதிருந்தவர்கள் அதற்கு முன்பே பேசத் தொடங்கியிருந்தார்கள்.

டிசம்பரில் உருவாக்குநரே எழுதினார். கடிதத்தைத் தம் வீட்டில் வாசித்துக் காட்டியதாகச் சொன்னார். பந்து டோக்கனின் பை எந்த நிறம், வளையம் எவ்வளவு பெரிது என்று கேட்டிருந்தார். தமிழாக்கத்தை அவர் கைவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது; அவருக்கு நேரம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

தமிழ் எழுத்துச் சிக்கலுக்கு விடை வந்த இடம் எதிர்பாராதது. எங்களில் ஒருவருடைய பெரியப்பா மகன் மதுரையில் டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) மையம் நடத்தியவர். திருமண அழைப்பிதழ்கள் அடித்தே கண் கெட்டவர். அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததும், "பாமினியில அடிச்சுப் போடுங்கப்பா" என்றார் அண்ணன். ஒருங்குறிக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு எந்திரத்தைப் போலக் கொம்பை முதலில் அடித்து, அடுத்து எழுத்தை அடித்து, பிறகு துணைக்காலை அடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வரிசையும் பதிவாகும் வரிசையும் ஒன்று. எனவே அடுக்கித் தரும் நிரல் பகுதியே தேவையில்லை. வந்த வரிசையில் நிறுத்தத் தெரிந்த ஆங்கிலக் கருவிக்கும் இது போதும். இணையத்தில் பழசு என்று ஒதுக்கிய முறை, புத்தம் புதிய விளையாட்டு இயந்திரத்தின் குறையை நிரப்பியது.

பழைய எழுத்துருவை விளையாட்டோடு சேர்த்து விற்க உரிமை உண்டா என்று உறுதிப்படுத்த முடியவில்லை. எனவே மாற்றவும் சேர்த்து விநியோகிக்கவும் அனுமதிக்கும் திறந்த உரிமம் கொண்ட ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்து, அதன் வடிவங்களைப் பழைய வரிசைக்கு இடம் மாற்றி, உரிமத்தின் நிபந்தனைப்படி வேறு பெயரும் இட்டோம். வரிகளைத் தானாக மாற்றித் தரும் சிறு நிரலையும் எழுதினோம். இம்முறை முதலில் பத்து வரிகளைத்தான் அனுப்பினோம். அவை சரியாகத் தெரிந்த பிறகு, மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தவும் திருத்தவும் நீக்கவும் அவருக்கு முழு உரிமை உண்டு, கட்டணம் இல்லை என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். இதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. இலவசமாகச் செய்வது தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களின் பிழைப்பைக் கெடுக்கும் என்றார் ஒருவர். பெரிய நிறுவனம் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்வேன்.

2024 பிப்ரவரியில் தமிழோடு புதுப்பிப்பு வந்தது. டோக்கனின் இடத்தில் பிரம்பு வளையத்தில் தொங்கும் ஒரு தோல் பை இருந்தது. நன்றிப் பட்டியலில் எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்; பெயர்களைத் தவிர்த்து, ஓய்வுபெற்ற ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்கு என்று மட்டும் போடச் சொன்னோம்.

அந்த ஆண்டின் நடுவில் மதிப்புரைகள் 34 ஆகியிருந்தன. இதில் எங்கள் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது; எத்தனை பிரதிகள் விற்றன என்று அவரிடம் கேட்கவும் இல்லை.

மீண்டும் செய்வதாக இருந்தால்

பரிசுப் பிரதி வாங்க மாட்டேன், அல்லது மதிப்புரைக்காக என்று வாங்க மாட்டேன். முடித்த அன்றே என் மதிப்புரையை எழுதுவேன். அனுமதி கேட்காமல் கோப்புகளைத் திறக்க மாட்டேன். இயந்திரத்தை மாற்றச் சொல்லி யாருக்கும் கடிதம் எழுத விடமாட்டேன். தோழியின் மதிப்புரைக்காக அவரைத் தள்ளி வைத்த இரண்டு வாரத்தை முடிந்தால் அழிப்பேன். பெரியவரைப் பற்றிய கடிதத்தை அக்டோபர் வரை காத்திராமல் மே மாதமே அனுப்பச் சொல்வேன். ஆனால் மே மாதத்தில் அந்தப் பெரியவரிடம் விளையாட்டைக் காட்ட எங்களுக்குத் தோன்றவில்லை. பிரதிகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

2024 ஜூனில் அவர் அடுத்த விளையாட்டை அறிவித்தார். எட்டு பேர் விருப்பப் பட்டியலில் சேர்த்தோம். வெளியாகும் நாளில் கடையே மின்னஞ்சல் அனுப்பும். வேறு எதுவும் செய்யவில்லை. செப்டம்பரில் அவர் தாமாகவே தோழிக்கு எழுதினார். புதியதை கோடோ நான்கில் செய்கிறாராம். தம் சொந்தக் காரணங்களுக்காக என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்திருந்தார். தமிழும் வேண்டும், இந்த முறை கட்டணத்தோடு, வரிகளைத் தாமே அனுப்புவதாகச் சொன்னார்.

டிசம்பரில் சோதனைப் பதிப்பு வந்தது. தோழி விளையாடத் தொடங்குவதற்கு முன் தம் கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து, அதற்குத் தமிழில் நீளமாக ஒரு பெயர் வைத்தார். பத்து நிமிடம் விளையாடிவிட்டுச் சேமித்தார், மூடினார், மறுபடி திறந்தார். விட்ட இடத்தில் ரயில் நின்றுகொண்டிருந்தது.